வலுசர்ப்பக் கிணற்றுத் தேநீர்



பட்டணத்தில் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளில் கிரீன் டீ என்னும் பச்சைத் தேநீர் இன்று ஏறக்குறைய ஓர் அங்கத்தினராகவே ஆகிவிட்டது. சர்க்கரை குறையும் என்று ஒருவர் சொல்லுகிறார். தொந்தி கரையும் என்று இன்னொருவர் சொல்லுகிறார். நூலில் தொங்கும் சிறிய பையைக் கொதிக்கும் நீரில் முக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் குடித்து முடிக்கிறோம். நானும் சில வருஷங்கள் அப்படிக் குடித்தவனே. வைக்கோல் ஊறிய தண்ணீருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று என் மனைவியிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்பைச் சென்ற வருஷம் ஆடி மாதத்தில், பாறசாலைக்கு அருகே ஓர் அடுக்களையில் நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பிரயாணத்தைப் பற்றியே இம்மாதம் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் மூத்த சகோதரியின் கணவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று சென்னையிலிருந்து இரயிலேறி, விடியற்காலையில் குழித்துறையில் இறங்கினேன். நல்ல மழை. களியக்காவிளையில் பேருந்து மாறும்போது மழையில் நனைந்துகொண்டே ஒரு காரியத்தைக் கவனித்தேன். கடைப் பலகைகள் தமிழில் இருந்து மலையாளத்துக்கு மாறுகின்றன. ஆனால் கடைக்காரர் பேசுகிற பேச்சு மாறுகிறதில்லை. தமிழா மலையாளமா என்று வெளியூரார் திகைக்கும் அந்தப் பேச்சிலேயே நான் பிறந்து வளர்ந்தேன். பலாப்பழம் எங்களுக்குச் சக்கை. மரவள்ளிக் கிழங்கு எங்களுக்கு மரச்சீனி. பால் இல்லாத தேநீர் கட்டன் சாயா. சென்னைக்கு வந்த புதிதில் ஒரு கடையில் நின்று கட்டன் என்று கேட்டு, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்ததை மறக்க முடியாது.

இந்த எல்லைக்கும் தேயிலைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இளைய வாசகர்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தமிழர் மிகுதியாக வாழ்ந்த தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் முக்கியமான தலைவர். 1954 ஆகஸ்டு 11 ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஏழை எளியவர்கள் உயிரிழந்தார்கள். 1956 நவம்பர் 1 ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி இப்பக்கம் வந்தன. கேட்கப்பட்டவற்றில் நெய்யாற்றின்கரையும், தேயிலை மலைகளாகிய தேவிகுளமும் பீர்மேடும் அப்பக்கமே நின்றுவிட்டன. எங்கள் பாறசாலை நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது. என் தகப்பனார் பீர்மேட்டுத் தோட்டம் ஒன்றில் இரண்டு வருஷம் கூலிவேலை செய்தவர். ஆகவே எங்கள் வீட்டில் கோடு கிழிக்கப்பட்டதைப் பற்றி யாரும் பெரிதாய்ப் பேசினதில்லை. கூலி எங்கே கிடைக்கும் என்பதே பேச்சு.

அவர் மலையிலிருந்து வரும்போது கொண்டுவந்தது இலையல்ல, தூள். தேயிலைகளில் டஸ்ட் என்று சொல்லப்படும் அந்தப் பொடி ரகந்தான் தென்னிந்தியாவில் இன்றும் அதிகமாய் விலைபோகிறது. கொஞ்சம் போட்டால் நிறைய சாயம் இறங்கும். அதைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். தேநீர் என்றால் நாக்கு உறையவேண்டும், நெஞ்சு சுடவேண்டும் என்றே பழகிவிட்டோம்.

என் சகோதரியின் வீடு பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில், ரப்பர் மரங்களுக்கு உள்ளே இருக்கிறது. அத்தான் முன்பு ரப்பர் வெட்டுகிறவராக இருந்தார். இப்போது கண்ணில் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விசாரிப்புகள் முடிந்தபின், கை கழுவ அடுக்களைக்குள் போனேன். அலமாரியின் மேல்தட்டில், மாவு டப்பாக்களுக்குப் பின்னால், அழகான ஒரு தகர டப்பா கண்ணில் பட்டது. சுற்றிலும் சீன எழுத்துக்கள். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில், வசனக் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு நாள்தாள் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

"இது என்ன, அக்கா?" என்றேன்.

அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். "மூத்தவன் சீனாவிலிருந்து கொடுத்தனுப்பின தேயிலை. நல்ல விலையாம். அதை விடு, தம்பி."

என் மருமகன் அங்கே யிவு என்னும் நகரத்தில் வேலை செய்கிறான். வளைகுடா நாடுகளுக்கும் நம் தேசத்துக்கும் பலசரக்குகள் கப்பலேறும் பெரிய சந்தை அந்த ஊரில் இருக்கிறது. ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் சரக்குகளைச் சோதித்து அனுப்புகிற வேலை அவனுக்கு. சித்திரைக் கடைசியில் ஊருக்கு வந்த ஒரு நண்பனிடம் இந்த டப்பாவைக் கொடுத்துவிட்டிருக்கிறான். மற்றதை அக்காள் வெட்கத்தோடு சொன்னார்கள். வழக்கப்படி பாலூற்றிக் கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். அது பச்சைக் கீரை வேகவைத்த பால்போல் ஆகிவிட்டது. அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, முற்றத்து வாழைக்கு ஊற்றிவிட்டாராம். மகன் கேட்டபோது, "அருமையாய் இருக்கிறது மக்களே, அப்பா தினமும் கேட்டுக் குடிக்கிறார்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதமாய் அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

"அது மாத்திரமல்ல, தம்பி" என்று காலண்டர் தாளின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே வளைந்து நெளிந்து, நகங்களை விரித்துக்கொண்டு, பொன்னிறத்தில் ஒரு வலுசர்ப்பம். "வெளிப்படுத்தின விசேஷத்திலே வாசிக்கிறோமே. இதை எப்படி வீட்டிலே வைக்கிறது? பிள்ளை ஆசையாய் அனுப்பினதை எப்படி வெளியே போடுகிறது?"

வாசகரே, நகைக்காதேயுங்கள். மகன் அனுப்பினதை எறியவும் முடியாமல், மனச்சாட்சியை எறியவும் முடியாமல், ஒரு நாள்தாளைக் கொண்டு இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடித்தார்களே, அதில் ஒரு தாயின் தவிப்பு முழுவதும் இருக்கிறது. நான் சொன்னேன்: "இது லோங்ஜிங் என்ற ஊரின் தேயிலை, அக்கா. அந்தப் பெயருக்கு வலுசர்ப்பக் கிணறு என்று அர்த்தம். அவ்வூரில் ஒரு கிணறு உண்டு. அதனால் அந்தப் பெயர், அதனால் அந்தப் படம். நாகர்கோவில் என்று விலாசம் எழுதாத விசுவாசி நம் மாவட்டத்தில் உண்டா? பெயரைப் பார்த்து நாம் ஊரைவிட்டு ஓடினோமா?" அவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் தாளை மறுபடியும் நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மருமகனே கைபேசியில் அழைத்தான். இங்கே மாலை நான்கு மணி, அங்கே ஆறரை. கடிகாரத்தில் அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே போகிறார்கள். நலம் விசாரித்த உடனே, "மாமா, அந்தத் தேயிலையைக் குடித்தீர்களா? செஸ்நட் வாசனை தெரிகிறதா?" என்றான். அக்காள் கண்களால் என்னைக் கெஞ்சினார்கள். போதகனாகிய நான் என்ன செய்வேன்? பொய் சொல்லவும் கூடாது. தமக்கையைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. "இன்னும் குடிக்கவில்லை. இப்பொழுது நீயே சொல்லித்தா, உன் கண்முன்னே போடுகிறோம்" என்றேன். நான் குடிக்கவில்லை என்பது உண்மைதானே.

அவன் முதலில் சொன்னது, பால் கூடாது, சர்க்கரை கூடாது, கொதிக்கிற நீரும் கூடாது. நீர் கொதித்து அடங்கி ஏறக்குறைய 80 டிகிரிக்கு வரவேண்டும். வெப்பமானிக்கு எங்கே போவது? அதற்கு அக்காளே வழி சொன்னார்கள். கொதித்த நீரை ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்கு இரண்டு மூன்று முறை ஆற்றினார்கள். சாயாவை ஆற்றிப் பழகின கை. அன்று வெறும் தண்ணீரை ஆற்றியது. கண்ணாடித் தம்ளர் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைக்குச் சற்று மேலாக, மூன்று கிராம் அளவில் இலையைப் போட்டோம். அந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நம் தூளைப்போல அல்ல. தட்டையாய், வழவழப்பாய், குருவியின் நாக்கைப்போல் இருந்தது. இளம்பச்சையில் மஞ்சள் ஓடியிருந்தது. நீர் பட்டதும் சில மிதந்தன, சில நின்றன, சில மெதுவாய்க் கீழே இறங்கின. ஒரு முளையும் இரண்டு தளிரும் செடியில் இருந்தபடியே விரிந்துகொண்டன. இரண்டு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அத்தான்கூடத் திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அந்த இரண்டு நிமிஷத்தில் மருமகன் தான் கண்டதைச் சொன்னான். வசந்தகாலத்தில் ஒரு விடுமுறை நாளில் ஹாங்சௌ நகரத்துக்குப் போயிருக்கிறான். அங்குள்ள மேற்கு ஏரியைச் சுற்றிய மலைச்சரிவில் லோங்ஜிங் கிராமம் இருக்கிறது. ஏப்ரல் 4 அல்லது 5 ஆம் தேதியில் சீனர்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளைச் சுத்தம்செய்கிற சிங்மிங் என்னும் நாள் வரும். அந்த நாளுக்கு முன் கிள்ளும் தளிருக்கே விலை அதிகம். குளிர்காலம் முழுவதும் செடி உள்ளே சேர்த்துவைத்த சத்து அந்த முதல் தளிரில் இறங்குகிறது. தேயிலையில் இனிமை தருகிற தியானின் என்னும் பொருள் அதில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற, கசப்பும் துவர்ப்பும் தருகிற பொருள்கள் மிஞ்சிவிடும். கிள்ளுகிறவர்களில் அநேகர் அவ்வூரார் அல்லவாம். வேறு மாகாணங்களிலிருந்து அந்தச் சில வாரங்களுக்காக மாத்திரம் வந்து, தங்கி, கூலி வாங்கிக்கொண்டு திரும்புகிற பெண்களாம்.

பிறகு வறுக்கிற வேலை. இதைத்தான் அவன் வெகுநேரம் நின்று பார்த்திருக்கிறான். பறித்த இலையை அப்படியே விட்டால் அதிலுள்ள ஒரு நொதி காற்றோடு கூடி இலையைக் கறுக்கச் செய்யும். வாழைப்பூவை நறுக்கிவைத்தால் கறுக்கிறதல்லவா, அதுபோலவே. நாம் குடிக்கும் சாயாத்தூள், அப்படி முழுவதும் கறுக்கவிட்ட இலை. பச்சைத் தேயிலைக்கோ உடனே சூடு காட்டி அதைத் தடுத்துவிடுகிறார்கள். செடி ஒன்றுதான், சூடு எப்போது படுகிறது என்பதில்தான் வேறுபாடு. ஜப்பானியர் பெரும்பாலும் ஆவியில் அவிக்கிறார்கள். ஆகையால் அவர்களுடைய தேநீரில் பசும்புல் வாசனை நிற்கும். லோங்ஜிங்காரர் சூடான இருப்புச் சட்டியில் வறுக்கிறார்கள். அகப்பையால் அல்ல, வெறுங்கையால். அழுத்தி, தடவி, வீசி, சட்டியின் பக்கத்தில் தேய்த்து, இப்படிப் பத்துவிதமான கையசைவுகள் அதற்கு உண்டு. இலை தட்டையாவது அந்த அழுத்தத்தால். வறுபடும்போது எழுகிற மணத்துக்குச் சீனர் லி சியாங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செஸ்நட் மணம் என்று பொருள். சீனாவின் தேயிலை பதப்படுத்தும் பாரம்பரிய முறைகளை யுனெஸ்கோ 2022 இல் மனுக்குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

"கை வேகாதோ, மக்களே?" என்று அக்காள் கேட்டார்கள்.

"வேகும் அம்மா. புதிதாய்ப் பழகுகிறவர்களுக்குக் கொப்புளம் வருமாம். பிறகு கை மரத்துப்போகுமாம்."

அக்காள் ஒன்றும் பேசவில்லை. தம் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கைகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேண்டும். ஐந்தாம் வகுப்போடு அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அண்டியாபீஸுக்கு அனுப்பினார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். வறுத்த கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும். அதற்காகக் கையில் சாம்பல் பூசிக்கொள்ளுவார்கள். ஆனாலும் விரல்நுனிகள் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு போகவே போகாது. உரித்த பருப்பின் எடைக்குக் கூலி. அந்தக் கூலியில் நான் படித்தேன். வேதாகமக் கல்லூரிக்குப் போகும்போது எனக்கு எடுத்த இரண்டு சட்டையும் அந்தப் பணத்தில் எடுத்ததே. அவர்கள் உடைத்த பருப்பு எந்தெந்த தேசத்துக்குப் போயிற்றோ. எங்கள் வீட்டில் முந்திரிப் பருப்பை நாங்கள் தின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

தேநீர் ஆயிற்று. ஜெபித்துவிட்டு எடுத்தோம்.

நிறம் இளமஞ்சள், ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். முதல் வாயில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பழைய தீர்ப்பையே எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன். இரண்டாம் வாயில் கசப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. விழுங்கினபின், தொண்டைக்கு மேலே, மூக்கின் பின்பக்கத்தில் ஒரு மணம் எழும்பிற்று. வறுத்த வாசனை, ஆனால் காப்பிக்கொட்டை வாசனை அல்ல, கடலை வாசனையும் அல்ல. எண்ணெய் இல்லாத, மாவான, சற்றே இனித்த ஒரு வாசனை. இது எனக்குத் தெரிந்த வாசனை, எங்கேயோ எப்போதோ தெரிந்தது என்று மனது தேடிக்கொண்டே இருந்தது. செஸ்நட் நான் தின்றதில்லை. அப்படியிருக்க எப்படித் தெரியும்?

அக்காள் தம்ளரை இறக்கிவைத்தார்கள். "தம்பி, இது சக்கைக்கொட்டை சுட்ட மணமல்லவா?"

அதுவேதான். வாசகரே, அதுவேதான்! அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்ட பலாக்கொட்டை. தோடு வெடித்தவுடன் ஊதி ஊதி உரிக்கும்போது வரும் அந்த ஆவி. தேடிக்கொண்டிருந்த எனக்கு முன் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

செஸ்நட் என்பது குளிர்தேசங்களில் காய்க்கும் ஒரு மரக்கொட்டை. பாதாம், முந்திரியைப்போல் அதில் எண்ணெய் இல்லை, பெரும்பாலும் மாவுச்சத்து. நம் பலாக்கொட்டையும் அவ்வாறே. ஆகையால் சுட்டால் இரண்டும் ஒரேவிதமாய் மணப்பதில் ஆச்சரியமில்லை. இன்னொரு காரியமும் சென்னைக்குத் திரும்பினபின் வாசித்து அறிந்தேன். பிரான்சிலும் இத்தாலியிலும் கோதுமை விளையாத மலைப்பகுதிகளில் ஏழைகள் செஸ்நட்டை உலர்த்தி, மாவாக்கி, அதை அப்பமாகவும் கஞ்சியாகவும் உண்டு குளிர்காலத்தைக் கழித்தார்கள். ரொட்டி மரம் என்றே அந்த மரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

எங்களுக்கும் அது ரொட்டி மரந்தான். சித்திரை வைகாசியில் சக்கை பழுக்கும். வருக்கையை விற்றுவிடுவோம், கூழையைத் தின்போம், எதுவானாலும் கொட்டையை எறிவதில்லை. கழுவிக் காயவைத்து, செம்மண் புரட்டி, அடுக்களை மூலையில் மணலுக்குள் புதைத்துவைப்போம். ஆடி மாதம், மலையாளத்தில் கர்க்கடகம், அடைமழை. தகப்பனாருக்கு வேலை இராது. அரிசிப் பானை காலியாகும். அப்போது அந்த மணலைத் தோண்டுவோம். ஒருநாள் மாங்காய் சேர்த்துக் கறி. ஒருநாள் மரச்சீனியோடு அவியல். ஒன்றுமில்லாத நாளில் வெறும் கொட்டையைச் சுட்டு ஒரு கட்டன் சாயாவோடு படுக்கப் போவோம். அதனால் வயிற்றில் உண்டாகும் வாயுவைப் பற்றி நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. எங்கள் பக்கத்தார் அறிவார்கள். பள்ளிக்கூடத்தில் என் பையிலிருந்து சுட்ட கொட்டை உருண்டு விழுந்து, பையன்கள் சிரித்த ஒரு நாளுக்குப்பின், அதை நான் வாயில் வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்போது அக்காள் தம் பங்குக் கஞ்சியை என் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, என் பங்குக் கொட்டையையும் சேர்த்துத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பாராததுபோல் இருந்திருக்கிறேன்.

கைபேசிக்குள் மருமகன், "என்னம்மா, என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு இவைகள் ஒன்றும் தெரியாது. அவன் பிறந்தபோது வீட்டில் அரிசி இருந்தது. அக்காள் பிள்ளைகளுக்கு அந்த ஆடி மாதங்களைப் பற்றிச் சொன்னதே இல்லை. அன்று சொன்னார்கள். சக்கைக்கொட்டையைச் சொன்னார்கள், அண்டியாபீஸைச் சொன்னார்கள். பேச்சோடு பேச்சாக, "மக்களே, நீ அனுப்பினதை முதலில் நான் பாலூற்றிக் கெடுத்துவிட்டேன். அப்பா அதை வாழைக்கு ஊற்றினார். நல்லாயிருக்கிறது என்று உன்னிடம் சும்மா சொன்னேன்" என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு அவன், "அந்த வாழை நன்றாய்க் குலை தள்ளிற்றா, அம்மா?" என்று கேட்டான். அத்தான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

அதே இலையில் இன்னும் இரண்டு முறை நீரூற்றிக் குடித்தோம். இரண்டாம் முறை இனிப்பு கூடினது; மூன்றாம் முறை மணம் குறைந்து, இனிப்பு மாத்திரம் நின்றது. உங்களில் பச்சைத் தேநீர் குடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். கொதிநீரை ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் அதிகமாய் இறங்கிவிடும். ஆற்றிய நீரில் அவை குறைவாக இறங்கும். நீலகிரியிலும் இமயமலை அடிவாரத்துக் காங்கிராவிலும் நல்ல பச்சைத் தேயிலை விளைகிறது. பை வாங்காமல் இலையாக வாங்கிப் பாருங்கள். வியாதிகள் தீரும் என்று கைபேசியில் சுற்றிவரும் செய்திகளை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதேயுங்கள். இரத்தசோகை உள்ள சகோதரிகள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கும்.

மறுநாள் அத்தானைக் கண் பரிசோதனைக்காக நெய்யாற்றின்கரைக்கு அழைத்துப்போனேன். அமரவிளைப் பாலத்தின் கீழே நெய்யாறு கலங்கி ஓடிற்று. அகத்தியர் மலையில் பிறந்து பூவாறில் கடலைச் சேர்கிற ஆறு அது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்னும் பழைய பலாமரத்தின் அடிமரம் இருக்கிறது. பிற்காலத்தில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, தம்மைக் கொல்லத் தேடினவர்களுக்குத் தப்பி அதன் பொந்துக்குள் ஒளிந்திருந்தார் என்று நாட்டார் சொல்லுகிறார்கள். மரம் பட்டுப்போய் வெகுகாலமாயிற்று. ஆயினும் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2018 மார்ச்சு 21 ஆம் தேதி கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. பேருந்தில் இதை நான் அத்தானிடம் சொன்னபோது, "இராஜாவை மறைத்த மரத்துக்கு வேலி போட்டார்கள். நம்மைப் பிழைக்கவைத்த மரங்களை வெட்டி ரப்பர் வைத்தோம்" என்றார். அவரே ரப்பர் வெட்டிப் பிழைத்தவர். ஆகையால் அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

புறப்படுகிற அன்று அக்காள் மணலைத் தோண்டி, செம்மண் ஒட்டின சக்கைக்கொட்டைகளை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார்கள். பாதித் தேயிலையையும் கொடுக்க முயன்றார்கள், நான் வாங்கவில்லை. டப்பா இப்பொழுது மேல்தட்டில் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில், சாயாத்தூள் இருக்கிற தட்டில் இருந்தது. ஆனால் வலுசர்ப்பத்தின் மேல் அந்தக் காலண்டர் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"வசனம் எழுதின தாளைக் கிழிக்கக்கூடாதல்லவா, தம்பி" என்றார்கள்.